ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே

பிப்ரவரி 9, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

இதை யாரிடமும் காட்டாதே. அத்தானிடம்கூட வேண்டாம். படித்ததும் கிழித்துவிடு. அவசரத்தில் எழுத்து கோணலாக இருக்கிறது, திட்டாதே. காலடிச் சத்தம் கேட்டால் காகிதத்தைப் புவியியல் புத்தகத்துக்குள் தள்ளிவிடுவேன். அந்தப் புத்தகத்தை நானே திறப்பதில்லை, வேறு யார் திறக்கப்போகிறார்கள்?

அம்மா உண்டாகியிருக்கிறாள். மூன்று மாதம்.

அம்மா கூப்பிட்டால் நீ போனை எடுப்பதில்லை. எனக்குப் போன் கிடையாது. அதனால்தான் நீ வேலை செய்யும் கடைக்கு எழுதுகிறேன். உன்னிடம் சொல்லக்கூடாது என்பது அம்மாவின் உத்தரவு. "அவளுக்கு ஒண்ணு தங்காம போய் ஒரு வருஷம்கூட ஆகல. நாப்பத்திரண்டு வயசுல நான் உண்டாகியிருக்கேன்னு எந்த மூஞ்சியோட சொல்றது?" என்கிறாள்.

இத்தனை வருடம் பஸ் ஓட்டியவளுக்கு டீசல் வாசனை ஆகவில்லை. கைக்குட்டையை மூக்கில் கட்டிக்கொண்டு ஓட்டுகிறாள். அப்பாவின் நிலைமை அதைவிட மோசம். கான்டீனிலிருந்து வந்ததும் வாசல் குழாயிலேயே குளித்துவிட்டுத்தான் உள்ளே வரவேண்டும். அப்படியும் வெங்காய வாசனை போகவில்லை என்று முன்னறைக்குத் துரத்திவிட்டாள். இருநூறு பேர் ரசித்துச் சாப்பிடுகிறார்கள், உங்கம்மா ஒருத்திக்குத்தான் நான் நாற்றம் என்று அவர் புலம்புகிறார்.

வகுப்பில் விஷயம் தெரிந்துவிட்டது. "பொறக்கப்போறது உனக்குத் தம்பியா, இல்ல உங்கக்கா பிள்ளையா?" என்று ஒருத்தி கேட்டாள். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால் இரவில் வருவது வெட்கம் இல்லை, பயம். இந்த வயதில் ரத்த அழுத்தத்தைக் கவனமாகப் பார்க்க வேண்டும் என்று டாக்டரம்மா சொன்னாராம். அம்மாவுக்கு ஏதாவது ஆகிவிட்டால் நான் என்ன செய்வேன்?

உன்
எலி


பிப்ரவரி 21

எலிக்கு,

கிழித்துவிட்டேன். பயப்படாதே. ஒழுங்காக டாக்டரிடம் போகிறாள் அல்லவா, அது போதும்.

எனக்குச் சந்தோஷமா கோபமா என்று கேட்டால் கோபம்தான். ஆஸ்பத்திரிக் கட்டிலில் நான் கிழிந்த துணி மாதிரிக் கிடந்தபோது, "ஏணியிலேயே குடியிருந்தா எப்படித் தங்கும்?" என்று கேட்டவள் அவள். கடைகளுக்குப் பெயர் எழுதுகிறவள் ஏணியில் ஏறாமல் என்ன, பறந்தா எழுதுவாள்? இப்போது அவள் மட்டும் பஸ் ஓட்டலாமா?

அவளோடு எனக்குப் பேச்சில்லை. உன்னோடு உண்டு.

வாந்தி காலையில் மட்டுமா, நாள் முழுக்கவா? எதைச் சாப்பிட்டால் நிற்கிறது? சும்மாதான் கேட்கிறேன்.

அக்கா


மார்ச் 15, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நீ பதில் போடுவாய் என்று நினைக்கவே இல்லை. கோபமாக எழுதினாலும் உன் கையெழுத்து கடைப் பலகை மாதிரி பளிச்சென்று இருக்கிறது.

வாந்தி நாள் முழுக்க இருந்தது, இப்போது குறைந்துவிட்டது. படுக்கையிலிருந்து எழுவதற்கு முன்பே இரண்டு ரஸ்க், பிறகு மெதுவாகக் காலைக் கீழே வைப்பது. வயிற்றைக் காலியாக விடக்கூடாதாம். இப்போது வேறு கூத்து. கன்னத்தில் பழுப்பாகத் திட்டு விழுந்திருக்கிறது. தலைமுடி மட்டும் எனக்கே பொறாமையாக வளர்கிறது. நேற்று பஸ்ஸில் யாரோ விட்டுவிட்டுப் போன குடையை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். பாவம், மழை வந்தால் என்ன செய்வார்களோ என்று. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில். அழுது முடித்ததும் அவளே சிரித்துவிட்டு, எனக்குக் கழன்றுவிட்டதா என்று அப்பாவிடம் கேட்டாள். அப்பா துண்டை எடுத்துக்கொண்டு குழாயடிக்குப் போய்விட்டார். புத்திசாலி.

டெப்போ மேனேஜர் அவளை மேசை வேலைக்கு மாறச் சொன்னார். அம்மா தினமும் வண்டி எடுக்கும் முன் சீட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து, ஸ்டியரிங்குக்கும் வயிற்றுக்கும் நடுவே கையை மூடி வைத்துப் பார்க்கிறாள். "இந்தக் கை போற வரைக்கும் ஓட்டுவேன் சார். போகாத அன்னிக்கு நீங்க சொல்ல வேண்டாம், சாவி உங்க மேசைக்கு வரும்" என்றாளாம். டாக்டரம்மாவும் சம்மதித்திருக்கிறார்.

போன சனிக்கிழமை நான் அந்த பஸ்ஸில் இருந்தேன். என்னைக் கேலி செய்தவளும் இருந்தாள். மார்க்கெட் முனையில் எதிரே ஒரு லாரி வந்து மாட்டிக்கொண்டது. லாரிக்காரன் ஹாரன் அடித்தானே தவிர அசையவில்லை. அம்மா கண்ணாடியைப் பார்த்துக்கொண்டே, அவ்வளவு பெரிய வண்டியை, தள்ளுவண்டிகளுக்கும் சுவருக்கும் நடுவே பின்னால் எடுத்தாள். ஒரு தக்காளிகூட உருளவில்லை. பஸ்ஸே மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தது. நான் அந்தக் கேலிக்காரி பக்கம் திரும்பி, "அது எங்கம்மா" என்றேன். அவளுக்குத் தெரியாதா என்ன? இருந்தாலும் சொன்னேன்.

உன்
எலி


ஏப்ரல் 2

எலிக்கு,

தக்காளி விஷயத்தை இங்கே எல்லோரிடமும் சொன்னேன். கடிதத்தைக் காட்டவில்லை.

என்னோடு வேலை செய்யும் ஒருத்தி உண்டாகியிருக்கிறாள். அவளுக்கு அம்மா இல்லாத மாதிரிதான். ராத்திரியில் கெண்டைக்கால் இழுத்துக்கொள்கிறது. பல் தேய்த்தால் ஈறில் ரத்தம். இன்னொன்று. சந்தோஷப்படவே பயமாக இருக்கிறதாம். யாராவது சிரித்துப் பேசினால் உடனே வேறு பேச்சுக்கு மாறிவிடுகிறாளாம். அம்மாவுக்கு அப்படி உண்டா? அவளுக்காகக் கேட்டுச் சொல்.

அக்கா


ஏப்ரல் 23, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

கால் இழுத்தால் கட்டைவிரலைப் பிடித்து முழங்கால் பக்கமாக மெல்ல வளைக்க வேண்டும். அம்மாவுக்கு அதைச் செய்வது அப்பா. அதற்காக மட்டும் முன்னறையிலிருந்து உள்ளே வர அனுமதி. ஈறு ரத்தம் பலருக்கும் வருமாம். மிருதுவான பிரஷ் போதும், ஆனாலும் டாக்டரிடம் சொல்லிவிட வேண்டும்.

மூன்றாவதைக் கேட்டதும் அம்மா போர்வையை இழுத்துக் காலை மூடிக்கொண்டாள். பிறகு, "இருக்கும். சந்தோஷத்தைத் திருடி வச்சிருக்கிற மாதிரி இருக்கும். எப்ப வந்து பிடுங்குவாங்களோன்னு" என்றாள். அதன்பின் என்னையே உற்றுப் பார்த்தாள். ஒன்பதாம் வகுப்பில் இதெல்லாமா கேட்கிறார்கள் என்றாள். உயிரியல் பாடம் என்று புளுகினேன். நான் புளுகினால் காது சிவக்கும் என்பது உனக்குத் தெரியும். அவளுக்கும் தெரியும்.

அக்கா, அந்தப் பெண் ஏணியில் ஏறுகிறாளா?

உன்
எலி


மே 19

எலிக்கு,

ஏறுவதில்லை. தரையில் உட்கார்ந்து பலகைகளுக்கு மட்டும் எழுதுகிறாள். நீ எலி இல்லை, பூனை.

ஆமாம், நான்தான். நான்கு மாதம் முடிந்து ஐந்து நடக்கிறது. உன் முதல் கடிதம் வந்தபோதே எனக்குத் தெரியும். அந்த ரஸ்க்கால்தான் மார்ச் மாதத்தைத் தாண்டினேன். அத்தானையும் டாக்டரையும் தவிர யாருக்கும் தெரியாது.

அசைவு இன்னும் தெரியவில்லை. துடிப்பு நன்றாக இருக்கிறது, முதலில் தாமதமாகத்தான் தெரியும் என்கிறார் டாக்டர். நம்புகிறேன். ஆனால் ராத்திரி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு விழித்தே கிடக்கிறேன். அது எப்படி இருக்கும், எலி? அம்மாவிடம் கேள்.

நீயாக என்னைப் பற்றி அவளிடம் சொல்லாதே. என் மேல் சத்தியம். அந்த ஏணி வார்த்தையை இன்னொரு முறை கேட்டால் தாங்கமாட்டேன். அவளாகக் கண்டுபிடித்தால் அது வேறு, அது என் கையில் இல்லை.

அக்கா


ஜூன் 1, இரவு

அன்புள்ள அக்காவுக்கு,

நான் பெரியம்மாவா சித்தியா என்று யோசிக்கவே ஒரு நிமிடம் ஆனது. சித்தி. பள்ளிச் சீருடையில் ஒரு சித்தி. நம் வீட்டில் பிறக்கப்போவது உன் பிள்ளைக்கு மாமாவோ சித்தியோ. அந்த வகுப்புக்காரி வந்து கேட்கட்டும், இப்போது சொல்கிறேன் பதில்.

இன்று கை போகவில்லை. காலையில் அம்மா சீட்டில் உட்கார்ந்து மூடிய கையை வைத்தாள், வயிறு இடித்தது. சீட்டைப் பின்னால் தள்ளிப் பார்த்தாள், பிரேக்குக்குக் கால் எட்டவில்லை. உடனே இறங்கி, சாவியை மேனேஜர் மேசையில் வைத்துவிட்டாள். யாரும் சொல்லவில்லை. அவள் டெப்போவைத் தாண்டி நடக்கும்போது நின்றிருந்த அத்தனை வண்டியும் ஹாரன் அடித்ததாம். "காது கிழிஞ்சுது, உள்ள இருக்கறது ஒரு குதி குதிச்சுது" என்றாள். சொல்லும்போது அவள் முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும்.

சாயங்காலம் அவளுடைய கால் வீங்கியிருந்தது. அப்பாவின் செருப்பைத்தான் போட்டுக்கொண்டிருக்கிறாள். காலைத் தலையணை மேல் தூக்கி வைத்துவிட்டுக் கேட்டேன். முதல் அசைவு எப்படிம்மா இருக்கும்?

"வண்டியை ஆஃப் பண்ணினதுக்கு அப்புறமும் சீட்டுல ஒரு சின்ன அதிர்வு தங்கியிருக்குமே, அந்த மாதிரி. மொதல்ல வாயுன்னு நினைப்போம். மறுநாளும் வரும். அப்பதான் புரியும், உள்ள யாரோ வண்டி ஓட்டப் பழகறாங்கன்னு. உங்கக்கா ரொம்ப லேட். என்னை அழவச்சுட்டுத்தான் அசைஞ்சா."

கேட்டாயா? நீயும் லேட்டாம்.

சொல்லி முடித்தவள் சட்டென்று என் மணிக்கட்டைப் பிடித்தாள். முகம் வெளுத்துவிட்டது. "எங்கிட்ட மறைக்காத. திட்டமாட்டேன். உனக்கு ஏதாவது..."

"அய்யோ, நான் இல்லம்மா."

"அப்ப யாரு?"

கையை விடுவித்துக்கொண்டேன். அறைக்கு ஓடிவந்து கதவைச் சாத்திக்கொண்டேன். பெயர் சொல்லவில்லை அக்கா, சத்தியம் அப்படியே இருக்கிறது.

அவள் முன்னறையில் அப்பாவோடு பேசுவது இங்கே கேட்கிறது. இதை மட்டும் அப்படியே எழுதுகிறேன்: "ஏணியால இல்லன்னு டாக்டரே சொன்னாங்க. எனக்குத்தான் யாரையாவது திட்டணும்போல இருந்துது, பெத்த பொண்ணையே திட்டிட்டேன். தினமும் ஸ்டியரிங்கிட்ட கை வைக்கறப்ப எல்லாம் அந்த வார்த்தைதான் வந்து நிக்குது." அதற்கு அப்பா, "என்கிட்ட சொன்னா நான் என்ன பண்றது? சொல்ல வேண்டியவ கிட்ட சொல்லு" என்றார்.

இப்போது பேச்சு நின்றுவிட்டது. அப்பாவின் செருப்புச் சத்தம். ஆனால் நடை அம்மாவுடையது. இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு மெதுவாக வருகிறாள்.

நானாகச் சொல்லமாட்டேன். அவளாகக் கண்டுபிடித்தால் அது வேறு என்று நீதான் எழுதியிருக்கிறாய்.

கதவைத் தட்டுகிறாள். புவியியல் புத்தகம் பையிலேயே இருக்கிறது. காகிதம் மேசை மேல்