ஷீபா அனுப்பாத பெட்டி

திருப்புலிவனம்,
20.12.2025, சனி மாலை.

அன்பு மகள் ஷீபாவுக்கு அப்பா எழுதுவது. நானும் அம்மாவும் ஆண்டவர் கிருபையில் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், அந்தக் குளிர் தேசத்தில் நீயும் சளி காய்ச்சல் இல்லாமல் இருப்பாய் என்று நம்புகிறேன். போனில் பேசாமல் அப்பா எதற்குக் காகிதத்தில் எழுதிப் படம் பிடித்து அனுப்புகிறார் என்று யோசிப்பாய். போனில் என்றால் நீ ஒரு கேள்வி கேட்டதும் நான் பேச்சை மாற்றிவிடுவேன். தவிர, இப்போதெல்லாம் யார் பெயரில் யார் பேசுகிறார்கள் என்று தெரிவதில்லை, என் கையெழுத்து உனக்குத் தெரியும். நாளை ஆராதனையில் என்னைப் பற்றி ஒரு விஷயம் படிக்கப்படும். ஊரார் சொல்லி நீ கேட்பதற்கு முன் நானே சொல்லிவிட வேண்டும். நான் ஏமாந்துவிட்டேன் அம்மா. அதைவிட மோசம், என்னைப் பார்த்து நம் சபை மங்கம்மா வருகிற திங்கட்கிழமை ஏமாறப் போகிறாள்.

போன மாதம் முப்பதாம் தேதி, கிறிஸ்துமஸுக்கு முந்தைய அட்வென்ட் காலத்தின் முதல் ஞாயிறு, உன் பெரியப்பா வழக்கம்போல மகன் வசந்த்குமார் கனடாவிலிருந்து அனுப்பியது என்று ஒரு பெரிய அட்டைப் பெட்டியை வாசலில் வைத்து, ஆயரை அழைத்து ஜெபம் செய்யச் சொல்லி, தெருவே கூடி நிற்கப் பிரித்தார். சாக்லேட், சோப்பு, ஒரு ஸ்வெட்டர், டார்ச் லைட். எல்லாருக்கும் ஆளுக்கு இரண்டு சாக்லேட் கொடுத்தார், எனக்கு மட்டும் நான்கு கொடுத்தார், அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை. பத்தாவது தாண்டாத மனிதர், சொந்தமாக இரண்டு பொக்லைன் வண்டி வைத்திருக்கிறார், வரலாற்றில் எம்.ஏ.வும் பி.எட்.டும் முடித்த நான் இன்னும் தனியார் பள்ளியில் அடுத்தவன் வகுப்புக்கும் சேர்த்துப் பாடம் நடத்திக்கொண்டிருக்கிறேன். உன் நர்சிங் படிப்புக்குப் பணம் கட்டியவர் அவர்தான், மறுக்கவில்லை. ஆனால் நீ ஏனாத்தூர் கல்லூரிக்கு பஸ் ஏறிய அந்த நான்கு வருஷமும் உங்க அண்ணனுக்குப் பெரிய மனசு என்றுதான் ஊர் என்னிடம் சொன்னது, விடியற்காலையில் மழையிலும் பனியிலும் உன்னை வண்டியில் வைத்து பஸ் நிறுத்தத்தில் விட்டவன் யார் என்று ஒருவரும் கேட்கவில்லை. அன்று வீட்டுக்கு வந்ததும், அவர் ஃபேஸ்புக்கில் போட்டிருந்த பெட்டிப் படத்தின் கீழே, எங்கள் மகள் ஷீபாவும் அயர்லாந்திலிருந்து பெரிய பெட்டி அனுப்பியிருக்கிறாள் என்று நான் எழுதினேன். நீ அப்படி எதுவும் சொல்லவில்லை. எழுதவேண்டும் போலிருந்தது, எழுதினேன்.

அதிலிருந்து ஒன்பதாம் நாள் ஒரு பெண் போனில் பேசினாள். நல்ல தமிழ், அங்கிள் என்று வாய் நிறையக் கூப்பிட்டாள். சென்னை விமான நிலையத்தில் உன் பெயரில் ஒரு பெட்டி வந்து சுங்கத்தில் நிற்கிறது, வரி கட்டினால் மூன்று நாளில் வீட்டுக்கே வந்துவிடும் என்றாள். உன் பெயர் ஒட்டிய பெட்டியின் படமும் வந்தது. உன்னிடம் கேட்டால் நீ ரகசியமாக அனுப்பிய சந்தோஷம் கெட்டுவிடும் என்றாள். அவள் சொன்னதற்காக நான் கேட்காமல் இருக்கவில்லை. கேட்டிருந்தால் இல்லையே அப்பா என்று நீ சொல்லியிருப்பாய், அதைக் காதால் கேட்க எனக்கு இஷ்டமில்லை. ஏழாயிரத்து இருநூறு ரூபாய் அன்றைக்கே அனுப்பினேன். அதோடு விட்டேனா? ஸ்தோத்திரக் காணிக்கைக் கவரின் மேல் காரணம் எழுதிக் கொடுத்தால் ஆயர் அதைச் சபைக்கு முன் படிப்பார் அல்லவா, போன ஞாயிறு, மகள் ஷீபா அனுப்பிய கிறிஸ்துமஸ் பரிசு பத்திரமாக வந்து சேர்ந்ததற்காக டேனியல் குடும்பத்தார் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பெட்டி வரவில்லை, ஸ்தோத்திரம் வந்துவிட்டது. ஆயர் படித்தபோது நான் பெரியப்பா முகத்தைத்தான் பார்த்தேன், அவர் திரும்பி என்னைப் பார்த்துச் சிரித்தார், அந்தச் சிரிப்பும் எனக்குப் பிடிக்கவில்லை.

செவ்வாய்க்கிழமை அதே பெண் வேறு குரலில் பேசினாள். பெட்டிக்குள் வெளிநாட்டுப் பணம் இருப்பது ஸ்கேனில் தெரிந்துவிட்டது, நாற்பத்தைந்தாயிரம் அபராதம் கட்டாவிட்டால் அனுப்பியவர் மேல் வழக்கு, உன் விசா போய்விடும் என்றாள். இரண்டு நாள் எனக்குச் சோறு இறங்கவில்லை. உனக்குப் போன் செய்து, நீ போலீஸ் நிலையத்தில் உட்கார்ந்திருப்பதாகச் சொல்லிவிட்டால் என்ன செய்வது என்று போனை எடுத்து எடுத்துக் கீழே வைத்தேன். என் ஆயுளில் பெரியப்பா வீட்டு வாசலில் கடனுக்கு நிற்பதில்லை என்று இருந்தவன், வியாழக்கிழமை காலை போய் நின்றேன். முழுதும் கேட்டுவிட்டு அவர் எழுந்து போய்க் கதவைச் சாத்தினார். "கட்டாதடா டேனியலு. போன வருசம் நானும் கட்டிட்டு பேஜாராயிட்டேன். ஊருல எல்லாருக்கும் சொல்லிட்டனே, இன்னா பண்றது, நானே மெட்ராசு பாரிமுனைக்குப் போயி சாமான் வாங்கி பொட்டியில போட்டு ஒட்டினேன். இந்த வருசமும் அதான். வசந்து போன் பண்ணி எட்டு மாசமாவுது" என்றார்.

உண்மையைச் சொல்கிறேன், எனக்குச் சந்தோஷமாக இருந்தது. இரண்டு வருஷமாக நான் பார்த்து வெந்துபோன பெட்டி பாரிமுனைப் பெட்டி. ஆனால் அந்தச் சந்தோஷம் ஒரு நிமிஷம்கூட நிற்கவில்லை. "உம் பொண்ணுதான் ஞாயித்துக்கெயம தவறாம எங்கையில பேசிக்கினு கீது. அது இல்லன்னா நான் இன்னா ஆயிருப்பனோ" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். எனக்கு இது தெரியாது ஷீபா. என்னிடம் நீ மாதத்துக்கு இரண்டு முறை பேசுகிறாய், அதுவும் அம்மாவிடம் அரைமணி பேசிவிட்டுக் கடைசியில், அப்பா சாப்பிட்டாரா என்று கேட்டு வைத்துவிடுகிறாய். பெட்டிக்காகப் பட்ட பொறாமை ஒன்றுமில்லை என்று அப்போது தெரிந்தது.

சைபர் குற்றப் புகார் எண் 1930க்குப் போன் செய்து புகார் கொடுத்துவிட்டேன். போன பணம் வருமா தெரியாது. அது போகட்டும். நேற்று சாயங்காலம் நடவு வேலை முடிந்து சேற்றுக் காலோடு மங்கம்மா வந்தாள். குவைத்தில் வீட்டு வேலை பார்க்கும் அவள் மகள் அம்முலு பெயரில் பெட்டி வந்திருக்கிறதாம், திங்கட்கிழமை பன்னிரண்டு மணிக்குள் கட்ட வேண்டுமாம். காதுக் கம்மலை அடகு வைத்துப் பணத்தை முந்தானையில் முடிந்து வைத்திருக்கிறாள், போனில் எப்படி அனுப்புவது என்று என்னைச் செய்து தரச் சொன்னாள். பொய், கட்டாதே என்றேன். எப்படிப் பொய், உனக்கு வந்து சேர்ந்தது என்று சர்ச்சில் படித்தார்களே என்றாள். அம்முலுவிடம் கேள் என்றேன், மாதத்தில் ஒரு நாள்தான் அந்த வீட்டில் அவள் கையில் போன் கொடுப்பார்களாம். நான் மறுபடியும் வேண்டாம் என்றதும், "உம் பொண்ணு அனுப்சா நெசம், எம் பொண்ணு அனுப்சா பொய்யா? ஒருத்தருக்கு வந்தா உனுக்கு ஆவாதே வாத்தியாரே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டாள். எனக்கு வந்ததே பொய் என்று அங்கேயே சொல்லியிருக்க வேண்டும். இன்று காலை அவள் வீடு தேடிப் போனேன், எனக்குப் பெட்டியே வரவில்லை என்று திண்ணமாகச் சொல்லிப் பார்த்தேன், அவளைத் தடுக்க நான் கட்டிய கதை என்று நினைக்கிறாள். ஆயர் வாயால் படித்ததை ஆயர் வாயால் படித்தால்தான் அவள் நம்புவாள்.

அதனால் நாளைக்கு இன்னொரு கவர் எழுதி வைத்திருக்கிறேன். போன வாரம் நான் கொடுத்த ஸ்தோத்திரம் பொய், பெட்டி வரவில்லை, யாரும் அனுப்பவும் இல்லை, நான் பணம் கட்டி ஏமாந்தேன், இதுபோல் போன் வந்தால் யாரும் கட்டாதீர்கள், டேனியல். முதலில் எழுதியதில் பெரியப்பா பெயரும் இருந்தது. கிழித்துவிட்டு வேறு எழுதினேன். பாசத்தினால் என்று நினைத்துவிடாதே. அவர் பெயரும் வந்தால் சபை முழுக்க அவரைச் சுற்றி நின்று ஆறுதல் சொல்லும், வசந்த்குமாரைத் திட்டும், என்னை ஒருவரும் கேட்க மாட்டார்கள். அவமானமாவது எனக்கு மட்டும் இருக்கட்டும். அவர் சொன்னது உன்னோடு இருக்கட்டும்.

மத்தியானம் அம்மாவிடமும் சொல்லிவிட்டேன். சத்தம் போடுவாள் என்று பார்த்தேன். "வாயத் தொறந்து கேட்டிருந்தா புள்ள ரெண்டு சோப்பாவது அனுப்பியிருக்காதா" என்று மட்டும் சொல்லிவிட்டு அதிரசத்துக்குப் பாகு கிளறப் போய்விட்டாள்.

நீ ஜாக்கிரதையாக இரு. அவர்கள் கையில் உன் பெயரும் என் பெயரும் இருக்கிறது, நான்தான் எழுதிக் கொடுத்தேன். அப்பாவுக்கு விபத்து, அம்மா ஆஸ்பத்திரியில் என்று செய்தி வந்தால் உடனே பணம் அனுப்பாதே, அம்மா போனுக்கு நீயே கூப்பிட்டுக் கேள். பண்டிகைக்கு மலிவு டிக்கெட் என்று வரும் எதையும் தொடாதே. மேலதிகாரி அவசரமாகக் கேட்கிறார் என்று பரிசு அட்டை வாங்கச் சொல்லி உங்கள் ஊரில் செய்தி அனுப்புவார்களாம், நேரில் போய்க் கேட்காமல் வாங்காதே. ரகசியமாக வை என்று எவன் சொல்கிறானோ அவனை முதலில் சந்தேகப்படு. பெட்டி எதுவும் அனுப்ப வேண்டாம், கேட்டு வாங்கினேன் என்று இருக்கக் கூடாது.

பண்டிகை நாளில் உனக்கு டியூட்டி என்று அம்மா சொன்னாள், வேளைக்குச் சாப்பிடு. ஆண்டவர் உன் கைவேலையை ஆசீர்வதித்து எந்தத் தீங்கும் அண்டாமல் காக்கட்டும். ஒன்று மட்டும் நினைவில் வை. பெரியப்பாவிடம் ஞாயிற்றுக்கிழமை பேசுவதை நிறுத்து என்று எழுதத்தான் இந்தக் காகிதத்தை எடுத்தேன். அந்த வீட்டுக்கு வேறு யார் போனும் வருவதில்லை என்று நினைத்ததும் எழுத முடியவில்லை. பேசு. ஆனால் நாளைக்கு முதலில் எனக்குப் போடு. ஆராதனை முடிந்து பதினொன்றரைக்கு வெளியே வருவேன், யாரும் என் பக்கம் வர மாட்டார்கள், போனைக் கையிலேயே வைத்திருப்பேன்.

இப்படிக்கு,
உன் அப்பா,
டேனியல்.