ஞாயிற்றுக்கிழமைச் சோறு

வாழவந்தி நாடு,
தை 12, திங்கள்

அன்புக் கண்ணு யமுனாவுக்கு அம்மா எழுதுவது. இன்று காலை எழுந்ததும் காப்பிகூடப் போடாமல் மிளகுத் தோட்டத்துக்குப் போய், அறுபட்ட கொடிகளை ஒவ்வொன்றாக நகத்தால் கீறிப் பார்த்துவிட்டு வந்துதான் இதை எழுத உட்கார்ந்தேன். நாற்பத்திரண்டு கொடியிலும் உள்ளே பச்சை இல்லை. மற்றபடி நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றும் இல்லாமல் இருக்கிறோம், நீயும் ஹைதராபாத்தில் வேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். போனிலேயே சொல்லலாமே என்பாய். போனில் நான் நாலு வார்த்தை பேசுவதற்குள் "கொஞ்சம் கேளுங்கம்மா" என்று நீ ஆரம்பித்துவிடுகிறாய். அதனால்தான் காகிதம்.

நீ வெள்ளிக்கிழமை போனில் சொன்னது இன்னும் காதிலேயே நிற்கிறது. உன் சென்றாயன் சித்தப்பா கொடுவாளை எடுத்துக்கொண்டு போய், சில்வர் ஓக் மரங்களில் ஏற்றிவிட்ட கொடிகளை முழங்கால் உயரத்தில் வரிசையாக வெட்டிப் போட்டான் என்று நான் சொன்னபோது நீ அழுதாய், அதை இல்லை என்று சொல்லவில்லை. ஆனால் நான் செம்மேட்டுக்குப் போய் ஸ்டேஷனில் எழுதிக் கொடுக்கப் போகிறேன் என்றதும் உன் குரல் மாறிவிட்டது. "போலீஸ் வேண்டாம்மா, அவருக்கு உள்ளே என்ன வலி இருந்ததுன்னு முதல்ல கேளுங்க" என்றாய். அவன் வலியைக் கேட்கச் சொன்ன நீ என் வலியை ஒரு வார்த்தை கேட்டாயா, சாமி? அந்தக் கொடிகளை நட்டது நான். முதல் இரண்டு கோடையில் ஊற்றுத் தண்ணீரைக் குடத்தில் சுமந்து ஊற்றியது நான். மாசியில் பறித்து, காயவைத்து, பேளுக்குறிச்சிச் சந்தையில் போட்டுத்தான் மூன்று வருடமாக உன் ஃபீஸ் கட்டினோம். இன்னும் பால் பிடித்துக்கொண்டிருந்த காய், பறித்துக் காயவைத்தாலும் பொக்காகத்தான் போகும். ஜூனில் உன் சட்டப் படிப்புக்குக் கடைசி வருட ஃபீஸ் கட்ட வேண்டும். பேங்க் லோனில் மீதி ஒன்றும் இல்லை. அப்பா நேற்று சாப்பிடும்போது தட்டைப் பார்த்துக்கொண்டே, "ஒரு வருசம் நிறுத்தி வெச்சுப் படிக்க முடியாதான்னு புள்ளையக் கேளு" என்றார். பி.ஏ. முடித்துவிட்டு பி.எட். சேரும் வருடத்தில் என்னிடமும் இதையேதான் சொன்னார்கள், ஒரு வருடம் கழித்துப் படிக்கலாம் என்று. இருபத்து மூன்று வருடம் ஆகிறது.

கம்பெனி வேலை வேண்டாம், தப்பு செய்தவனையும் பாதிக்கப்பட்டவனையும் எதிரெதிரே உட்காரவைத்துப் பேசவைக்கிற அமைப்பில்தான் சேருவேன் என்று நீ சொன்னபோதுகூட நான் கோபப்படவில்லை. சம்பளம் குறைவு, லோனை எப்படி அடைப்பாள் என்று அப்பாதான் புலம்பினார், நான் உன் பக்கம் பேசினேன். கோபம் வந்தது நீ அனுப்பிய கட்டுரையைப் படித்த பிறகுதான். பரிசு வாங்கியது, எல்லோரும் எழுந்து நின்று கைதட்டினார்கள் என்றாயே, அதை இந்த இரண்டு நாளில் மூன்று தடவை படித்துவிட்டேன். எங்கள் மலையில் குற்றம் செய்தவன் ஜெயிலுக்குப் போவதில்லை, எல்லோரோடும் உட்கார்ந்து ஒரே சோற்றைச் சாப்பிட்டுத் திரும்பி வருகிறான் என்று எழுதியிருக்கிறாய். அழகாகத்தான் இருக்கிறது. அந்தச் சோற்றை ஆக்குவது யார் என்று ஒரு வரி இருக்கிறதா? ஆறு பக்கத்தில் அடுப்பு எங்கேயும் இல்லை.

உனக்கு ஏழு வயதில் நடந்ததை வைத்துத்தான் அதை எழுதியிருக்கிறாய் என்று எனக்குத் தெரியும். ராசு தன் மாடுகளை நம் சாமைக் காட்டில் விட்டு மேய்த்தான், ஊர்க்கூட்டம் போட்டார்கள், அவன் உன் அப்பா காலில் விழுந்தான், தண்டம் கோயிலுக்குப் போனது, நமக்கு ஒரு படி சாமைகூடத் திரும்பவில்லை. நீ பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு பந்தியில் தண்ணீர் ஊற்றினாய், உனக்கு அது திருவிழா. பாதிக்கப்பட்ட வீட்டில்தான் சமாதானச் சோறு ஆக்க வேண்டும் என்பது இங்கே வழக்கம், ஊரும் குற்றவாளியும் அதைத் தின்றுவிட்டால் அந்தப் பேச்சை அப்புறம் யாரும் எடுக்கக் கூடாது. அறுபது பேருக்கு நான் ஆக்கினேன். ராசு இரண்டாம் தடவை குழம்பு வாங்கிக்கொண்டு, "இந்தக் கைப்பக்குவத்துக்கே இன்னொருக்கா மாட்ட அவுத்து உடலாமுங்க" என்றான். பந்தியே சிரித்தது, உன் அப்பாவும் சிரித்தார். நான் சட்டியைக் கழுவிக்கொண்டிருந்தேன்.

இப்போதும் அதே ஏற்பாடுதான். சென்றாயன் வெட்டிய மறுநாளே ஊர்க்கவுண்டர் அர்த்தனாரியிடம் போய் நான்தான் வெட்டினேன் என்று ஒத்துக்கொண்டான். ஞாயிற்றுக்கிழமை கூட்டம். அர்த்தனாரி நேற்று வாசலில் நின்று, "ஏனுங்க, கொடி மறுக்கா வளந்துரும், பங்காளி ஒறவு அறுந்தா ஒட்டுமுங்களா, ஸ்டேஷன் கீஷன்னு போவாதீங்க, அவன் வந்து கால்ல உளுந்துருவான்" என்றார். யார் காலில் என்று கேட்டேன். வீட்டு ஆம்பிளை காலில்தான் என்றார், நான் கேட்டதே புரியாதவர் மாதிரி. கூட்டம் நடக்கும்போது பெண்கள் பலா மரத்தடியில் தள்ளி நிற்க வேண்டும், அதுவும் உன் கட்டுரையில் இல்லை. போகும்போது, "அரிசி போதுமா, ஒரு மூட்டை குடுத்தனுப்பட்டுங்களா" என்று வேறு கேட்டுவிட்டுப் போனார்.

இனி எழுதுவது உன்னிடம் நான் மறைத்தது. போன ஐப்பசியில் சென்றாயன் கிழங்கு ஏற்றுகிற வண்டி இரண்டு தடவை என் காப்பி நாற்றுகள் மேல் ஏறிவிட்டது என்று, வண்டித்தடத்தைக் கம்பி வேலி போட்டு அடைத்துவிட்டேன். தடம் நம் நிலத்தில்தான் இருக்கிறது, ஆனால் அவன் தாத்தா காலத்திலிருந்து அந்த வழியாகத்தான் போய்வந்தார்கள். வேண்டாம் என்று அப்பா சொன்னார், நான் கேட்கவில்லை. அடைமழையில் அவன் குச்சிக்கிழங்கு பாதி அங்கேயே அழுகியது, மீதியைப் புருஷனும் பெண்டாட்டியும் தலையில் சுமந்து ரோட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவன் பெண்டாட்டி அத்தாயி முந்தாநாள் தண்ணீர்க் குழாயடியில் எல்லோர் முன்னாலும், "நாங்க சேத்துல உளுந்து எந்திரிச்சப்ப வேலிக்குள்ள நின்னு பாத்தீங்களே, படிச்சவீங்க, இப்ப உங்களுக்கு எரியுதுங்களா" என்று கேட்டாள். நான் பார்த்துக்கொண்டு நின்றது உண்மை. அதற்காக நாற்பத்திரண்டு கொடியை வெட்டலாமா? வெட்டக் கூடாது. அவன் வலி என்ன என்று நீ கேட்கச் சொன்னது எனக்கு எரிந்ததற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கும், பதில் எனக்கு முன்னமே தெரியும் என்பதால். ஆனால் கோபம் அதனால் குறைந்துவிடவில்லை, உன் மேலும் குறையவில்லை.

நீ படிப்பை நிறுத்தக் கூடாது. அப்பா போனில் அதைப் பேசினால் அம்மாவிடம் பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிடு. கடைவாய்ப் பல்லைக் காட்டிவிட்டு வா, வலி மாத்திரையிலேயே காலம் தள்ளாதே. நம் அறப்பளீஸ்வரர் துணை உனக்கு எப்போதும் இருக்கட்டும், நீ நினைத்த வேலையில் நிமிர்ந்து நிற்க வேண்டும். அந்தக் கட்டுரையைத் திரும்ப எழுது.

அப்பாவிடமும் சொல்லாததை உனக்கு எழுதுகிறேன், இதைச் சனிக்கிழமைதான் தபாலில் போடுவேன், கடிதம் கைக்கு வரும்போது எல்லாம் முடிந்திருக்கும், நீ தடுக்க முடியாது. ஸ்டேஷனுக்கு இப்போது போகப் போவதில்லை, ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் வேலிக் கம்பியை நானே அவிழ்த்துவிடுவேன். அப்புறம் பலா மரத்தடியில் நிற்காமல் கூட்டத்துக்கு நடுவில் போய் உட்காருவேன். தடத்தை அடைத்தது தப்பு என்று முதலில் நானே சொல்வேன், அதன் பிறகு சென்றாயன் யார் காலிலும் விழாமல் என் முகத்தைப் பார்த்து, ஏன் வெட்டினாய் என்பதற்குப் பதில் சொல்ல வேண்டும். புதுக் கொடியை அவன் கையால் நட வேண்டும், அது காய்க்கிறவரை அவன் தோட்டத்து மிளகில் பாதி வருடா வருடம் என் வீட்டுக்கு வர வேண்டும், இந்த மாசியிலிருந்தே. இதற்கு ஊர் ஒத்துக்கொள்கிறவரை நான் அடுப்புப் பற்றவைக்கப் போவதில்லை. சோறு இல்லாமல் அவர்கள் சமாதானம் எப்படி முடிகிறது என்று பார்க்கிறேன்.

இப்படிக்கு, உன் மேல் கோபம் தீராத
அம்மா கோகிலா