மிளகு திரும்பிப் பார்க்கவில்லை

நாமக்கல்
திங்கட்கிழமை

அன்பு இலக்கியாவுக்கு,

அம்மா எழுதுவது. இங்கே நான், உன் அப்பா, அவரைப் பெற்ற உங்கப்பாரு, பண்ணைக் கோழிகள் எல்லோரும் நலம். டப்ளின் குளிரில் நீயும் உன் தொண்டையும் நலமாக இருக்க வேண்டும். இதைப் போனிலேயே சொல்லலாம்தான், ஆனால் பாதியில் உன் அப்பா போனைப் பிடுங்கி முடிவைச் சொல்லிவிடுவார். அதனால் எழுதுகிறேன். முடிவு நல்ல முடிவு, பயப்படாமல் படி.

கண் தெரியாத ஒருவரை நாய் பஸ்ஸில் ஏற்றிவிடும் வீடியோவை நீதானே அனுப்பினாய்? அதே வேலைக்கு நாய்களைப் பழக்கித் தரும் கோவை அறக்கட்டளைக்கு விண்ணப்பத்தையும் நீதான் நிரப்பினாய். இரண்டு மாதக் குட்டியாக மிளகு நம் வீட்டுக்கு வந்தாள். ஒரு வருடம் நாம் வளர்த்து, பஸ் ஸ்டாண்டு, சந்தை, லாரிச் சத்தம் எல்லாவற்றுக்கும் பழக்கித் தேர்வில் தேறவைக்க வேண்டும், பிறகு அவர்கள் ஆறு மாதம் பயிற்சி தருவார்கள். அதுவரை உனக்குத் தெரியும். ஜனவரியில் அவள் முதல் தேர்வில் தோற்றதை மட்டும் உன்னிடம் மறைத்துவிட்டோம், கோபித்துக்கொள்ளாதே. பஸ் ஸ்டாண்டு வரை நன்றாகத்தான் நடந்தாள். முட்டைக் கடை வந்ததும் வாலை ஆட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். இழுத்தாலும் வரவில்லை. அறக்கட்டளையின் பயிற்சியாளரான ஷஹ்பாஸ் தம்பி என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நாய் மேல தப்பில்லீங்கக்கா, உங்க ஊட்ல யாரோ கையில முட்டை ஊட்டறாங்க என்றான். மூன்று மாதம் தவணை, அதிலும் தேறாவிட்டால் அவளைச் சாதாரண வளர்ப்பு நாயாக யாருக்காவது கொடுத்துவிடுவார்களாம்.

யார் என்று தேடவே வேண்டியதில்லை. விடியற்காலையில் விரிசல் விட்ட முட்டைகளைப் பொறுக்கி வாளியில் போடும்போது, உங்கப்பாரு அவளுக்கு இரண்டு ஊட்டிவிட்டுத்தான் அடுத்த கொட்டகைக்கே போவார். நம் வீட்டில்தான் கேட் வரை வந்த யாரும் அந்த வாளியிலிருந்து வாங்காமல் திரும்பியதில்லையே, கரண்ட் பில் எடுக்க வருபவர் உட்பட. உங்கப்பாரைப் பொறுத்தவரை அது தப்பே இல்லை, வந்தவர்களுக்குச் செய்யும் மரியாதை.

சொல்ல வேண்டியது நான். என்னைத்தான் உனக்குத் தெரியுமே. நம் வீட்டில் முதல் பட்டம் வாங்கியவள் என்று பேர், ஆனால் கல்லூரியில் பேர் வாசிக்கும்போது குரல் எழும்பாமல் கையை மட்டும் தூக்கியவள். இருபத்துமூன்று வருடத்தில் உங்கப்பாரின் முகத்தைப் பார்த்து முழுதாக ஒரு வாக்கியம் பேசியதில்லை. ஆனால் அந்தத் தேர்வுக்கு முந்தைய வாரம்தான் மிளகு யாருக்குப் போகப்போகிறாளோ அந்தப் பெண்ணைச் சேலம் சூரமங்கலத்தில் பார்த்துவிட்டு வந்திருந்தேன். வெண்ணிலா என்று பெயர், உன்னைவிட நான்கு வயது பெரியவள். கல்லூரியில் படிக்கும்போது காய்ச்சலில் பார்வை போய்விட்டது, இப்போது ரயில்வே அலுவலகத்தில் வேலை. அவளுடைய அம்மா சௌந்திரம் காலையில் கையைப் பிடித்துக் கூட்டிப்போய் விட்டுவிட்டு, சாயங்காலம் வரை வெளியே பெஞ்சிலேயே உட்கார்ந்திருக்கிறார். முழங்கால் வீங்கிக் கிடக்கிறது. ஆபரேஷன் செய்துகொள்ளலாமே என்றதற்கு, நான் படுத்துட்டா இவளை ஆருங்க கூட்டிட்டுப் போறது என்றார். அந்த வீங்கிய காலை நினைத்துக்கொண்டு, சாப்பாட்டு நேரத்தில், எல்லோரும் இருக்கும்போதே சொல்லிவிட்டேன். மாமா, நீங்க ஊட்டற முட்டையில அந்தப் புள்ளையோட வழி நின்னு போகுதுங்க என்றேன். சொன்ன வேகத்தில் நான் ஊற்றிய ரசம் தட்டில் பாதி, தரையில் பாதி. உன் அப்பா என்னை யாரோ புதிதாக வந்தவளைப் பார்ப்பதுபோல் பார்த்தார். உங்கப்பாரு பாதிச் சாப்பாட்டில் கை கழுவ எழுந்து போய்விட்டார்.

மறுநாள் விடியற்காலையில் அவரே வந்து நின்றார். அந்தப் புள்ள தனியா நடக்கற வரைக்கும் நானும் முட்டை தொடமாட்டேன் அம்மணி என்றார். நாற்பதாயிரம் கோழி வைத்திருப்பவர் இப்படிச் சொன்னால் ஊர் சும்மா இருக்குமா? பக்கத்துப் பண்ணை முத்தாயம்மாள், கோழிக்கும் உங்களுக்கும் என்னங்க சண்டை என்று வாரத்துக்கு ஒரு முறை கேட்பார். உங்கப்பாரு அசரவில்லை. மிளகு கொட்டகைக்கு வரும்போது அவருடைய கை தானாக வாளிக்குப் போகிறதென்று, தோள்துண்டால் இரண்டு கையையும் பின்னால் கட்டிவிடச் சொல்லி என்னிடமே திரும்பி நிற்பார். முதல் நாட்களில் அவள் வாளியருகே உட்கார்ந்து அவரையே பார்ப்பாள். அவர் கூரையைப் பார்ப்பார். யார் யாரைப் பழக்குகிறார்கள் என்றே எனக்குத் தெரியவில்லை. ஏப்ரலில் அவள் தேறினாள், கோவைக்குப் போனாள். அவளை ஏற்றிய வேன் போனபிறகும், கைக்கட்டை அவிழ்க்கச் சொல்ல அவர் மறந்துவிட்டார்.

கடைசித் தேர்வு போன வெள்ளிக்கிழமை, வெண்ணிலாவோடு, அவள் வீட்டிலிருந்து அலுவலகம் வரை. நாங்கள் தூரத்தில் நின்று பார்க்கத்தான் போனோம். வழியில் ஒரு தள்ளுவண்டியில் ஆம்லெட் போடுகிறார்கள். ஷஹ்பாஸ் ஒரு அவித்த முட்டையை உரித்து உங்கப்பாரு கையில் வைத்து அந்த வண்டியருகே நிறுத்திவிட்டான். நீங்கதான் கடைசிப் பரீட்சை தாத்தா, கையக் கட்டக்கூடாது என்றான். அவர் முட்டையைத் திருப்பி நீட்டினார். எனக்கு இது வேணாஞ்சாமி, அது எங்கிட்ட வந்துருச்சுன்னா அந்தப் புள்ள கதி என்னாகறது என்றார். அதற்குள் அவர்கள் தெருமுனையில் திரும்பிவிட்டார்கள். மிளகு முன்னால், அவள் முதுகில் மாட்டிய பட்டையின் கைப்பிடியைப் பிடித்தபடி வெண்ணிலா. பள்ளத்தைச் சுற்றி, நிறுத்தியிருந்த பைக்கைச் சுற்றி வந்தார்கள். வண்டிக்குப் பத்தடி முன்னால் மிளகின் நடை தளர்ந்தது. மூக்கைத் தூக்கினாள். உங்கப்பாரின் வாசம் அவளுக்குத் தெரியாமலிருக்குமா? வால் ஒரே ஒருமுறை ஆடியது. நான் சௌந்திரத்தின் கையை எவ்வளவு இறுக்கிப் பிடித்தேனோ, வளையல் தடம் பதிந்துவிட்டது. அடுத்த நொடி மிளகு காதை மடித்துக்கொண்டு, அவருடைய வேட்டியை உரசுகிற தூரத்தில், நேராகப் போய்விட்டாள். திரும்பிப் பார்க்கவே இல்லை. அலுவலகப் படி ஏறி வெண்ணிலா கையை மேலே தூக்கிக் காட்டினாள். சௌந்திரம் அன்றுதான் முதல்முறையாக அந்தப் பெஞ்சில் உட்காராமல் வீட்டுக்குத் திரும்பினார். அடுத்த மாதம் ஆபரேஷன்.

உங்கப்பாரு முட்டையும் கையுமாக நின்றுகொண்டு, என் கையைப் பாத்துட்டும் பாக்காதவளாட்டப் போறாளே, என்ன திமிரு பாருங்க என்று ரோட்டில் போகிறவர்களிடமெல்லாம் சொன்னார். கண்ணீர் ஒழுகியது, சிரிப்பும் நிற்கவில்லை. பிறகு அந்த முட்டையைத் தின்றுவிட்டு, அதே வண்டியில் மூன்று ஆம்லெட் சாப்பிட்டார்.

இன்னொன்று. நேற்று பண்ணையாளர்கள் கூட்டத்தில் மைக் பிடித்து, குட்டி வளர்க்க வீடுகள் தேவை என்று பேசினேன். நம்பமாட்டாய். கடைசி வரிசை வரை கேட்டதாம். ஐந்து வீட்டார் பெயர் கொடுத்தார்கள். முதல் பெயர் முத்தாயம்மாள். வாளியைப் பூட்டி வைக்க வேண்டும் என்று உங்கப்பாரு அவருக்கு இப்போதே பாடம் எடுக்கிறார்.

நேரத்துக்குச் சாப்பிடு, தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு வெளியே போகாதே. நீ தொடங்கி வைத்த காரியம் இது, உனக்கு எல்லாம் கைகூடி வரும் சாமி. பொங்கலுக்கு வரும்போது சேலம் ஜங்ஷனில்தானே இறங்குவாய், அங்கே வெண்ணிலாவும் மிளகும் எதிரே வரலாம். ஆசையாகத்தான் இருக்கும். கூப்பிடாதே, வழி விட்டு நில்.

உன் அம்மா,
மைதிலி