திரும்பாத மூலை

மார்ச் 4
உறுதியான செய்தி: புதிய பிரசவ வார்டு பதினெட்டாம் தேதி திறக்கப்படும், அமைச்சர் வருகிறார். சொன்னவர் சுகாதார அதிகாரி, தொலைபேசியில். அவர் சொல்லாமல் விட்டது: தேசியத் திட்டத்தின் விதிப்படி, உள்ளூர் மகளிர் சங்கம் பார்த்து ஒப்புக்கொண்டால்தான் திறக்க முடியும். அந்த வார்டைக் கேட்டுக் கேட்டு வாங்கியதே சங்கம்தான். இந்த ஆண்டு தலைவி என் தங்கை. ஆகவே செய்தியை நான் எழுதுவது முறையல்ல, பத்திரிகை ஆசிரியரிடம் சொல்லிவிட்டேன். இங்கே எழுதலாம்.

தங்கை மகளுக்கு மாதக் கடைசியில் பிரசவம். வார்டு திறந்தால் அடுத்த தெரு. இல்லையென்றால் அந்தப் பாழாய்ப்போன சாலையில் நகரம்வரை.

மார்ச் 8
சங்கத்தார் வார்டைப் பார்வையிட்டார்கள். அளவு நாடா எடுத்துப் போகவில்லை. தங்கையை ஸ்ட்ரெச்சரில் படுக்கவைத்து, வலி கண்டவளைப் போல வாசலிலிருந்து தள்ளினார்கள். எதையும் செய்து பார்த்துத்தான் நம்புவார்கள். தள்ளியது சங்கத்தில் இருக்கும் தையல்காரி, அவளுக்கு வாய் சும்மா இருக்கவில்லை: “இந்த வயசுல உனக்கு இது தேவையா தலைவி?”

பிரசவ அறையிலிருந்து ஆபரேஷன் அறைக்குத் திரும்பும் மூலையில் சிரிப்பு நின்றது. ஸ்ட்ரெச்சர் திரும்பவில்லை. பின்னால் இழுத்தார்கள், கோணலாக்கினார்கள். முட்டிக்கொண்டு நின்றது. கடைசியில் தங்கை இறங்கி நடந்தாள்.

“நான் நடந்துட்டேன். ரத்தம் போயிட்டிருக்கிறவ எப்படி நடப்பா?”

மார்ச் 11
சுகாதார அதிகாரி தங்கை வீட்டுக்கே வந்தார். முதலில் திறந்துவிடலாம், மூலையைப் பிறகு பார்க்கலாம் என்றார். அவசரமென்றால் ஆள் வைத்துத் தூக்கிக்கொண்டு போகலாமாம். பிறகு குரல் மாறியது. ஒரு மூலைக்காக நாட்டுத் திட்டத்தையே மறிக்கிறீர்களா என்று கேட்டார். தங்கை திருப்பிக் கேட்டாள்:

“நாடு முழுக்க ஒரே பிளான்னு நீங்கதானே சார் சொன்னீங்க? அப்ப இந்த மூலையும் நாடு முழுக்கத்தானே வருது?”

தேநீரைத் தொடாமல் எழுந்து போனார். தலைநகரத் திட்ட அலுவலகத்தில் விசாரித்தேன். ஆமாம், எல்லா மாவட்டத்துக்கும் ஒரே பிளான்.

மார்ச் 13
தங்கையின் மருமகன் வேன் ஓட்டுபவர். என்னிடம் பேசுவதுபோல அவள் காதில் போட்டார்: “ஊருக்கெல்லாம் நியாயம் பேசறவங்க சொந்தப் பொண்ணை ரோட்டுல விடுவாங்களா பெரியம்மா?”

தங்கை ஒரே துண்டைத் திரும்பத் திரும்ப மடித்துக்கொண்டிருந்தாள். அவர் போனதும் கேட்டாள், “நீயா இருந்தா என்னக்கா பண்ணுவே?” வாழ்நாளெல்லாம் கேள்வி கேட்டே பிழைத்தவள் நான். துண்டின் மறுமுனையைப் பிடித்து மடித்துக் கொடுத்தேன்.

மார்ச் 16
சங்கக் கூட்டம். தன் மகள் விஷயமும் இதில் இருப்பதால் விலகிக்கொள்கிறேன் என்றாள் தங்கை. தையல்காரி விடவில்லை. “உன் பொண்ணு மட்டுந்தான் மாசமா இருக்காளா? உக்காரு.”

முடிவு: மூலையைச் சரிசெய்யும்வரை ஒப்புதல் இல்லை.

மார்ச் 18
திறப்பு விழா நடக்கவில்லை. ‘தவிர்க்க முடியாத காரணங்களால்’ என்று போட்டது எங்கள் பத்திரிகை. காரணத்தைப் போடவில்லை.

மார்ச் 21
வலி வந்துவிட்டது, நாளுக்கு முன்னாலேயே. வேனில் பின்னால் நானும் தங்கையும், அவள் மடியில் மகள். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்தப் பிள்ளை போட்ட சத்தம் — ஐயோ, என்ன பண்ணி வெச்சிருக்கோம்? கையெழுத்துப் போட்டிருந்தா? போட்டிருக்கணுமோ?

மார்ச் 22
தாய் நலம். பெண் குழந்தை. போய்ச் சேர்ந்ததும் உடனே ஆபரேஷன் என்றுவிட்டார்கள். ஸ்ட்ரெச்சரின் ஒரு பக்கத்தைப் பிடித்துக்கொண்டு மருமகனும் தாழ்வாரம் நெடுக ஓடினார்.

குழந்தை கண்ணாடிப் பெட்டியில் இருக்கிறது. பயணத்தால் வந்த பாதிப்பா என்று டாக்டரைக் கேட்டேன். ஆமென்றும் சொல்லவில்லை, இல்லையென்றும் சொல்லவில்லை. தங்கைக்கும் அது கேட்டது.

மார்ச் 23
தங்கை சாப்பிடவில்லை.

மார்ச் 26
நகர மருத்துவமனைத் தாழ்வாரம். தையல்காரி போன் செய்தாள்: மூலைச் சுவரை இடிக்கத் தொடங்கிவிட்டார்கள், அவளே நேரில் பார்த்தாளாம். மற்ற மாவட்டங்களிலும் அந்தப் பகுதி வேலையை நிறுத்தச் சொல்லியிருப்பதாகத் திட்ட அலுவலகத்தில் ஒருவர் சொன்னார். எழுத்தில் இன்னும் இல்லை.

தங்கையிடம் சொன்னேன். பக்கத்தில் நின்ற மருமகன், இத்தனை நாளுக்குப் பிறகு, அவளிடமே நேராகப் பேசினார்:

“அத்தை, ஸ்ட்ரெச்சரை மெதுவாத் தள்ளிப் பார்த்து அளவெடுக்கப் போறாங்க. ஓடி வந்து திரும்பற அளவுக்கு இடிக்கச் சொல்லுங்க.”

தங்கை போனை வாங்கித் தையல்காரியை அழைத்தாள்.

திருத்திய பிளான் ஏப்ரல் முதல் வாரத்தில் வருமாம். குழந்தையைப் பெட்டியிலிருந்து எடுக்கலாமா என்பது திங்கட்கிழமை தெரியும்.