காருக்குக் கேட்ட இடத்தில் புடலங்காய்

அக்கா,

இன்று காலை இந்தக் கோடையின் முதல் புடலங்காயை அறுத்தேன். சோப்பு போட்டு இரண்டு முறை கழுவியும் கையைவிட்டு அந்தப் பச்சை வாடை போகவில்லை. அலுவலகத்துக்குக் கிளம்பியவன் உங்களுக்கு எழுத உட்கார்ந்துவிட்டேன்.

மேடவாக்கத்தில் நம் அபார்ட்மெண்டுக்குப் பின்னால் சும்மா கிடந்த துண்டு நிலத்தைக் கார் நிறுத்தக் கேட்டு மனு எழுதியவன் நான். கீழ்வீட்டில் இருந்த நீங்கள் மட்டும்தான் எதிர்த்தீர்கள். "ஒரு கோடை வுடு சார். காய் வரலைன்னா காருக்கு நானே சிமெண்டுக் கலவை போட்டுத் தரேன்" என்றீர்கள். லாரித் தண்ணீர் குளிக்கவே போதாத ஊரில் தோட்டமாம் என்று சிரித்தேன். நீங்கள் அதில் ஒரு சொட்டுகூடத் தொடவில்லை. மூன்று மாடியும் ஏறி, வீடு வீடாக அரிசி களைந்த தண்ணீரைக் குடத்தில் வாங்கி வந்தீர்கள். முட்டிவலியை யாரிடமும் சொல்லவில்லை. அந்தப் பிடிவாதத்துக்கு முன்னால் நானெல்லாம் எந்த மூலைக்கு?

பந்தலில் முதல் பிஞ்சு தொங்கியபோது, வேடிக்கை பார்க்க வந்த நான் விரலை நீட்டிவிட்டேன். வெடுக்கென்று கையைத் தட்டிவிட்டீர்கள். பிஞ்சைச் சுட்டினால் அழுகிவிடும், விரலை மடக்கித்தான் காட்ட வேண்டும் என்றீர்கள். மூடநம்பிக்கை பற்றி நான் ஒரு சொற்பொழிவே நடத்தினேன். மூன்றாம் நாள் அந்தப் பிஞ்சு அழுகிக் கிடந்தது. திருடனைப் போல ஒதுங்கிப் போன என்னைக் கூப்பிட்டீர்கள்.

"ஈ குத்திக்கீது சார். உன் வெரலுக்கு அம்மாம் பவர்லாம் இல்ல."

பின்னே ஏன் மடக்கச் சொன்னீர்கள் என்று கேட்டேன்.

"நீட்டினா தொட்டுப் பாக்கத் தோணும். மடக்கினா தோணாது. அவ்ளோதான்."

மே மாதம் பந்தல் தாங்காமல் காய்த்தது. மனுவில் கையெழுத்துப் போட்ட வீட்டுக் கதவுகளில்தான் முதலில் பை மாட்டினீர்கள். அதிலும் முதல் பை எனக்கு. வெட்கமாக இருந்தது, கூட்டு மட்டும் நன்றாகவே இறங்கியது.

தை மாதத்தில் நெஞ்சுவலி உங்களைக் கொண்டுபோனது. பங்குனி பிறப்பதற்குள் பழைய மனு மறுபடி கிளம்பிவிட்டது. அக்காவே இல்லை, இனி யார் தண்ணீர் சுமப்பது என்றார்கள். நான் குடத்தை எடுத்தேன். இரண்டாம் மாடியிலேயே மூச்சு வாங்குகிறது. நீங்கள் எப்படித்தான் ஏறினீர்களோ.

போன ஞாயிறு கூட்டத்தில், கார் நிறுத்த இடம் வேண்டும் என்பவர்கள் கை தூக்கச் சொன்னார்கள். என் கை எழவில்லை. என்னைப் பார்த்து, தூக்கிய கைகளில் நாலைந்து இறங்கின. நிலம் தப்பித்தது.

என் கார் தெருவில்தான் நிற்கிறது, அக்கா. நிழல் கிடையாது, நாளெல்லாம் வெயிலில் காய்கிறது. காயட்டும்.