வாப்பா அடித்த ஆணி

அன்புள்ள உம்மாவுக்கு ஷாத்லியாவின் ஸலாம். உங்கள் மூட்டுவலி தேவலையா? ஓரான் நகரில் எனக்கு ஒரு குறையும் இல்லை. பள்ளிப் பிள்ளைகளுக்கு ஓட்டப் பயிற்சி கொடுக்கிறேன்.

ஊக்கமருந்து எடுத்து ஓடிய வர்தாவின் வெண்கலப் பதக்கம், நாலாவதாக வந்த எனக்கே என்று லோசான் விளையாட்டு நடுவர் மன்றம் தீர்ப்புச் சொன்னதல்லவா? அவள் இன்னும் திருப்பித் தரவில்லை. "தீர்ப்பு நம்ம கையில இருக்கு. ஆனா அவ வீட்டுக்குள்ள பூந்து பதக்கத்தை எடுத்துட்டு வர ஆள் யாரு?" என்று வக்கீல் கையை விரித்துவிட்டார். அதனால் வெள்ளிக்கிழமை நானே போனேன்.

வர்தா வீட்டில் இல்லை. அவளுடைய உம்மா குஸ்குஸ் பரிமாறி, "சாப்பிடு மகளே, எளச்சிப் போயிருக்க" என்றார். பதக்கம் சுவரில் தொங்கியது.

"நீயும் அந்தப் பந்தயத்துல ஓடுனியாமே, எத்தனாவதா வந்த?"

அவருக்கு எதுவுமே தெரியாது, உம்மா.

"நாலாவது" என்றேன்.

"அடடா, கொஞ்சத்துல விட்டுட்டியே!" என்று கன்னத்தைத் தடவினார்.

பதக்கத்தைக் கேட்க வாய் வரவில்லை. வெளியே வந்ததும் என்மேலேயே எரிச்சல் வந்தது. வழக்குக்கு அலைந்த காலத்தில் இன்னொரு பந்தயம் ஓடியிருக்கலாம்.

நம் வீட்டு மிளகாய் விழுது கொஞ்சம் அனுப்புங்கள். இங்கே கிடைப்பதில் காரமே இல்லை. பிள்ளைகள் மைதானத்தில் காத்திருக்கிறார்கள், முடிக்கிறேன். பதக்கத்துக்கென்று வாப்பா சுவரில் அடித்துவைத்த ஆணியில் காலண்டரை மாட்டிவிடுங்கள்.

ஷாத்லியா