கதவோரப் பொத்தான்

பாப்பாவின் அப்பாவுக்கு,

ஃப்ரிட்ஜ் மெக்கானிக் மத்தியானம் வருவார். ஐஸ் அறையைத் திறந்து பார்த்துவிட்டு, "ஃபேன் ஓடல, போச்சு" என்று நேற்று சொன்னதையே அவரிடமும் சொல்லாதீர்கள். கதவைத் திறந்தால் ஃபேன் தானாகவே நிற்கும். கதவோரம் உள்ள சின்னப் பொத்தானை அழுத்தினால், கதவு மூடியதுபோல ஃபேன் ஓட வேண்டும்; அழுத்திப் பிடித்துக் காது கொடுங்கள். காலையில் நான் அழுத்தினேன். மோட்டார் உறுமுகிறது, இறக்கை சுற்றவில்லை. ஐஸ் கவ்விப் பிடித்திருக்கிறது. அதை உருக்கினால் போதும், புது ஃபேன் வேண்டாம்.

ஐஸ் கட்டியது, நீங்கள் திணித்த கறிப் பொட்டலத்தால் கதவு ஒரு விரல் அகலம் திறந்தே கிடந்ததால்தான்.

பாப்பாவுக்கு எடுத்து ஐஸ் அறையில் உறையவைத்த தாய்ப்பால் முழுவதும் கெட்டுப்போனது. நானேதான் கொட்டினேன். இன்று வேலைக்குத் திரும்பும் முதல் நாள், நடுவில் வர முடியாது. காலையில் எடுத்த பால் எதிர்வீட்டு டீச்சர் ஃப்ரிட்ஜில் இருக்கிறது. வெந்நீரில் வைத்துச் சூடாக்குங்கள், அடுப்பில் வைக்காதீர்கள்.

நம் வீட்டு இன்னொரு சாவியும் டீச்சரிடம்.

இன்னொன்று. "இவ என்னைக்குக் கதவ ஒழுங்கா மூடினா" என்று உங்கள் அக்காவிடம் போனில் சொன்னீர்கள், எனக்குக் கேட்கும்படி. அவரை மறுபடி கூப்பிட்டு நடந்ததைச் சொல்லுங்கள். அதையும் நான் வந்த பிறகு, எனக்குக் கேட்கும்படியே சொல்லுங்கள்.